தாம்பூலப் பை

கல்யாணமான வருஷம், ஆடிப்பெருக்கன்று எங்கள் கல்யாண மாலைகளைக் காவிரியில் விடச் சொன்னார் மாமியார். காய்ந்த பூ சிந்தக்கூடாதென்று, எங்கள் இருவர் பெயரும் அச்சடித்த பிளாஸ்டிக் தாம்பூலப் பையில் போட்டு, பையோடு ஆற்றில் விட்டேன்.

அடுத்த மாதம் பூம்புகார் கடற்கரைக்குப் போனோம். வலையை உதறிக்கொண்டிருந்த மீனவப் பெண் ஒருத்தி, அதிலிருந்து அந்தப் பையை எடுத்தாள். பூவெல்லாம் கரைந்துபோயிருந்தது. மாலையின் ஜரிகையில் சிக்கி ஒரு குஞ்சு மீன் செத்துக் கிடந்தது.

அவள் பெயர்களைப் படித்தாள். “புதுசா கட்டிக்கிட்டதுங்க போல. நல்லா இருக்கட்டும்.”

என் கணவர் சொன்னார்: “நாங்கதாம்மா அது. குடுங்க.”

இப்போது அவர் இல்லை. பீரோவில் அந்தப் பை அப்படியே இருக்கிறது. தூக்கிப் போட மனசில்லை; போட்டால் எங்கே போகும் என்பதும் எனக்குத் தெரியும்.