பறவை ஓட்டினவள் பறவை எண்ணப் போன கதை

மழைக்காலம் வந்துவிட்டால் உப்பளத்தில் எங்களுக்கு வேலை கிடையாது. பாத்தியெல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். ஐப்பசியிலிருந்து தை முடியும் வரை மரக்காணத்தில் உப்பு வேலை செய்கிறவர்கள் வீட்டில்தான் கிடக்க வேண்டும். எனக்கு அப்படிக் கிடக்கத் தெரியாது. கல்யாணமாகி வந்த மறுவாரமே தலையில் உப்புக் கூடையை ஏற்றியவள் நான். அறுபது தாண்டிய பிறகு, ஒரு மழைக்காலத்தில், தலையில் ஒன்றுமே இல்லாமல் செய்கிற வேலை எனக்குக் கிடைத்தது. மூன்றாம் நாளே அது கையை விட்டுப் போகப் பார்த்தது.

ரேஷன் கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்றாலும் பெரிய எழுத்தைக் கூட்டிப் படித்துவிடுவேன். ‘பறவைக் கணக்கெடுப்பு’ என்று படித்தேன். ‘ஆட்கள் தேவை’ என்று படித்தேன். கீழே சின்ன எழுத்தில் என்னென்னவோ இருந்தது. அது எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வேண்டியது இரண்டும் பெரிய எழுத்திலேயே இருந்ததே.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிரிப்பில் புரையேறிவிட்டது.

“இன்னாடி சொல்ற? நாள் பூரா பாத்தியில பறவ ஓட்டினவ நீ. உன்ன கூப்ட்டு பறவைய எண்ணச் சொல்றாங்களா?”

“ஓட்டினவளுக்கு எண்ணத் தெரியாதா?”

“தெரியும் தெரியும். அதுங்களுக்கும் உன்னத் தெரியும். தூரத்துல பாத்தாலே பறந்துடும் போ.”

அவர் சொன்னது பொய்யில்லை. பாத்தியின் தரையை நாங்கள் காலால் மிதித்து மிதித்து, சிமெண்டுத் தரை மாதிரி இறுக்கி வைத்திருப்போம். அதில் உப்பு பூத்து வரும் நேரத்தில் பறவைக் கூட்டம் இறங்கினால் தரையெல்லாம் கிளறிப் போகும். எச்சம் வேறு விழும். உப்பு சேறாகிவிடும். அதனால் இறக்கைச் சத்தம் கேட்டாலே கை தானாகத் தோள் துண்டை உருவும். துண்டைச் சுழற்றிக்கொண்டு வரப்பில் ஓடுவோம். எங்கள் அளத்தில் என் குரலுக்கு எழும்பாத பறவை கிடையாது. அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

ஆள் எடுக்க வந்தவர் ஒரு அம்மா. நாற்பது வயது இருக்கும். காலில் பெரிய பூட்ஸ், தலையில் தொப்பி, ஸ்கூட்டியில் வந்திருந்தார். எல்லோரும் மேடம் என்றார்கள், நானும் மேடம் என்றேன். உப்பளத்திலும் கழுவெளி ஏரியிலும் பனிக்காலத்தில் எந்தப் பறவை வருகிறது, எங்கே மேய்கிறது, எந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, யார் குப்பை கொட்டுகிறார்கள் என்று தினமும் நடந்து பார்த்துச் சொல்ல வேண்டும். தை முடியும் வரைதான் வேலை.

“வரப்புல நடக்க முடியுமாம்மா உங்களால?” என்று என்னைக் கேட்டார்.

கேட்டவர் நின்றதே ஈர வரப்பு. கேட்டு முடிப்பதற்குள் பூட்ஸ் வழுக்கிவிட்டது. நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். அதற்கப்புறம் அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. கண் தெரியுமா என்றார். கேம்ப்பில் கண் ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு எனக்குக் கண் இளவயதில் இருந்ததைவிட நன்றாகத் தெரிகிறது. தூரத்துக் கம்பியில் இருந்த மீன்கொத்தியைக் காட்டி, அது வாயில் வைத்திருந்த மீன் இன்னும் துடிக்கிறது என்றேன். மேடம் பைனாகுலரைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். “ஆமா, துடிக்குது” என்றார்.

என்னோடு இன்னொருவரையும் எடுத்தார்கள். பக்கத்து ஊர் அனுமந்தையில் மீன் பிடிக்கக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். முதுகு வலி வந்து கட்டுமரத்தை விட்டுவிட்டார். வந்ததும் வராததுமாக என்னைப் பார்த்து, “இன்னா ஆயா, நீயும் வேலைக்கா?” என்றார்.

“யாருப்பா ஆயா? உன் தலைய கண்ணாடியில பாரு. உப்பு பூத்த பாத்தி மாதிரி இருக்குது. அக்கான்னு கூப்பிடு.”

“சரிக்கா, கோச்சிக்காத. நீ கூடையில போட்டு எண்ணு, நான் வலையில போட்டு எண்றேன்.”

மேடம் எங்கள் இருவருக்கும் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். ஒரு வாரம் பார்ப்பார். சரிப்பட்டு வந்தால் தை வரை வேலை. இல்லையென்றால் வேறு ஆள். நான் அதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன், எனக்குத் தை வரை வேலை என்று.

முதல் நாள் வரப்பில் நடந்தது இன்னும் காலில் இருக்கிறது. விடியும் நேரம், வாடைக் காற்று, இரண்டு பக்கமும் மழைத் தண்ணீர். நடக்க நடக்க என் வலது கை தானாக மேலே போய் தலையைப் பிடித்தது. அங்கே கூடை இல்லை. கையை இறக்கினேன். பத்தடி போனதும் மறுபடியும் மேலே போனது. கழுத்து லேசாகி, ஆள் கொஞ்சம் உயரமாகிவிட்ட மாதிரி இருந்தது. அந்த வரப்பில் அதுவரை நான் நேராகப் பார்த்துத்தான் நடந்திருக்கிறேன். கூடை இருந்தால் அண்ணாந்து பார்க்க முடியாது. அன்றைக்குத்தான் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒருமுறை தண்ணீரில் காலை விட்டும் விட்டேன்.

இரண்டாம் நாள் மேடம் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிவிட்டார். எதிரே பூநாரை ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. கண்ணில் வைத்தவுடன் அது என் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. மஞ்சள் கண். வளைந்த மூக்கைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, சோறு வடிக்கிற மாதிரி வடித்து வடித்துத் தின்றது. காலம் பூரா இந்தப் பறவையின் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன், அது என்னிடமிருந்து ஓடுகிறபோது. முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். “ரொம்ப லட்சணமா இருக்குது மேடம்” என்றேன். அனுமந்தைக்காரர், “அதுவும் உன்னப் பத்தி அதத்தான் சொல்லிக்கினு இருக்கும்க்கா” என்றார்.

படிவத்தில் ஒவ்வொரு பறவைக்கும் படம் போட்டிருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. படத்துக்கு நேரே கோடு போட வேண்டியதுதான். கடல் பறவைகளான ஆலாக்களில் எது எந்த ஆலா என்று அனுமந்தைக்காரருக்கு அத்துப்படி. கடலில் ஆலா கூட்டம் விழுகிற இடத்தில்தான் மீன் இருக்குமாம். மற்றதெல்லாம் எனக்கு.

மூன்றாம் நாள் பெரிய நாள். கடற்கரை நெடுக எல்லா ஊரிலும் ஒரே காலையில் எண்ண வேண்டும் என்று மேடம் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். பூநாரைக் கூட்டம் அன்றைக்குத்தான் அந்த வருஷத்தில் முதல் தடவையாக முழுசாக வந்து இறங்கியிருந்தது. மேடம் மூன்று காலில் நிற்கும் பெரிய தொலைநோக்கியை வரப்பில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். அனுமந்தைக்காரர் பக்கத்தில் பேனாவோடு நின்றார். ஏரிப் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று பார்க்க நான் முன்னால் போயிருந்தேன்.

திரும்பி வருகிறேன். கூட்டம் மேய்ந்துகொண்டே நகர்ந்து பக்கத்துப் பாத்திக்குள் கால் வைத்தது. அது நானும் என் வீட்டுக்காரரும் வேலை செய்கிற பாத்தி.

அப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பு என்று சொல்ல எனக்கே மனசு வரவில்லை. கைதான் செய்தது. துண்டு தோளில் இல்லை, கையில் இருந்தது. துண்டு கையில் இல்லை, தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. வரப்பில் ஓடிக்கொண்டிருந்தேன். “ஏய்ய்ய்! ச்சூ! ச்சூ! ஓ... ஓஓ!” என்ற சத்தம் என்னுடையதுதான்.

மொத்தக் கூட்டமும் எழும்பியது. அத்தனை இறக்கைக்கு அடியிலும் இருந்த சிவப்பு ஒரே நேரத்தில் விரிந்தது. அவ்வளவு அழகை நான் அதுவரை பார்த்ததில்லை. அவ்வளவு கேவலப்பட்டதும் இல்லை.

மேடம் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்து வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். துண்டு இன்னும் என் கையில் ஆடிக்கொண்டிருந்தது.

“அம்மா... இன்னாம்மா பண்ணீங்க?”

அனுமந்தைக்காரர் வரப்பில் உட்கார்ந்தேவிட்டார். சிரிக்கவும் பயம், அடக்கவும் முடியவில்லை. “பாதிதான் மேடம் எழுதியிருக்கேன். மீதிக்கு இன்னா போடட்டும்? அக்கா ஓட்டினதுன்னு போடட்டுமா?”

மேடம் சிரிக்கவில்லை. கருவியின் கால்களை ஒவ்வொன்றாக மடக்கினார். “நீங்க வீட்டுக்குப் போங்கம்மா. அப்புறம் சொல்லி அனுப்பறேன்” என்றார்.

சொல்லி அனுப்புகிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தெருவில் எந்த முகத்தோடு நுழைவது? வீட்டுக்காரர் புரையேறிச் சிரிப்பதை மறுபடியும் கேட்க வேண்டும். கண்ணில் நீர் முட்டியது. ஆனால் அழுதுகொண்டு போகிற ஆள் நான் இல்லை.

“போறேன் மேடம். ஆனா அதுங்க எங்க இறங்கியிருக்கும்னு காட்டிட்டுப் போறேன்.”

“அது எப்படிம்மா தெரியும்? கண்ணுக்கே தெரியல.”

“இவ்ளோ வருஷமா அதுங்கள ஓட்டினது யாரு? ஓட்டினவளுக்குத் தெரியாதா எங்க போவும்னு?”

வாடை அடித்தால் கூட்டம் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். ஒரு சுற்றுச் சுற்றும். அப்புறம் கால்வாய்க்கு அந்தப் பக்கம், யாரும் உப்பு வாராமல் விட்டுப்போன பழைய பாத்திகளில் இறங்கும். அங்கே ஓட்ட ஆள் இல்லை என்று அதற்குத் தெரியும். ஆனால் ஒன்று. ஒரே நாளில் இரண்டாம் தடவை விரட்டினால் ஏரிக்கு உள்ளே போய்விடும், அன்றைக்குத் திரும்பாது. அதனால் அது நம்மைப் பார்க்கக் கூடாது. இதையெல்லாம் நடந்துகொண்டே சொன்னேன். மேடம் வருகிறாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை. பூட்ஸ் சத்தம் பின்னால் கேட்டது.

கால்வாய்ப் பாலம் வழியாகச் சுற்றிப் போனோம். வழியில் மேடத்தின் ஒரு பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டது. இழுத்தோம், கால் மட்டும் வந்தது. அவர் இன்னொன்றையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார். அப்போதுதான் அவர் நடை ஒரு நடையாக இருந்தது. அனுமந்தைக்காரர் கருவியைத் துடுப்பு மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு முதுகைப் பிடித்தபடி வந்தார்.

கருவேலம் புதர் வந்ததும் இருவரையும் குந்த வைத்தேன். வெயில் எங்கள் முதுகில் விழுகிற மாதிரி இடம் பார்த்தேன். கிளையை ஒதுக்கினேன்.

அங்கே இருந்தது. அத்தனையும். பறந்து வந்த களைப்பில் மேய்ச்சலை விட்டுவிட்டு, ஒற்றைக் காலில், ரேஷன் கடை வரிசை மாதிரி நீளமாக நின்றிருந்தது. எண்ணுவதற்கென்றே நிறுத்தி வைத்த மாதிரி.

மேடம் கருவியின் கால்களை விரித்து வைத்தார். எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பிறகு பைனாகுலரை என்னிடம் நீட்டி, “நீங்களும் எண்ணுங்க” என்றார். என் எண்ணிக்கை அவருடையதைவிட மூன்று அதிகம்.

“மூணு அதிகமா வருதேம்மா.”

“கடைசியில பெருசு ஒண்ணு நிக்குது பாருங்க. அது பின்னாடி மூணு குட்டை. சாம்பக் கலரு. இந்த வருசக் குஞ்சு.”

மேடம் வெகுநேரம் பார்த்தார். பெரியது ஒரு அடி நகர்ந்தது. “ஆமா,” என்றார் மெதுவாக, “மூணு.” அனுமந்தைக்காரர் எண்ணிக்கையை அடித்துத் திருத்தினார்.

திரும்பும்போது பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து மேடம் காலைக் கழுவிக்கொண்டார். நான் நின்றேன். வீட்டுக்குப் போகச் சொன்னவர் அவர், போகவா நிற்கவா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

“நாளைக்கு அஞ்சரைக்கு இங்கயே வந்துடுங்கம்மா.”

“சரி மேடம்.”

“அந்தத் துண்ட மட்டும் வீட்டுல வெச்சிட்டு வாங்க.”

அப்போதுதான் அவர் சிரித்தார். ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. மூன்று பேரும் பாலத்தில் உட்கார்ந்து சிரித்ததில், கீழே தண்ணீரில் நின்ற கொக்கு பயந்து பறந்துபோனது. “அத எழுதிக்கப்பா, ஒண்ணு” என்றேன்.

நான் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அனுமந்தைக்காரர் வாய் சும்மா இருக்குமா? இரண்டே நாளில் மீன் விற்க வந்த பொம்பளை எங்கள் வாசலில் கூடையை இறக்கி, துண்டைச் சுழற்றி நடித்தே காட்டிவிட்டாள். வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். வேலைதான் கையில் இருந்ததே.

தை வரை துண்டு இல்லாமலே நடந்தேன். கைக்கு அது பழக ஒரு மாதம் ஆயிற்று. கடைசி நாள் மேடம் அடுத்த மழைக்கும் என் பெயரை எழுதிக்கொண்டார். எழுதினதை நான் எழுத்துக் கூட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகே கிளம்பினேன்.

மழை போய்ப் பாத்தி காய்ந்தது. மிதித்தோம், தண்ணீர் பாய்ச்சினோம், உப்பு பூக்கத் தொடங்கியது. கூடை மறுபடியும் தலைக்கு வந்தது. ஒரு நாள் காலையில் வீட்டுக்காரர் பாத்தியில் பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தார். இறக்கைச் சத்தம் கேட்டது. பூநாரைகள் பக்கத்துப் பாத்தியில் இறங்கின.

“ஏய், எறங்கிடுச்சு பாரு! ஓட்டு, ஓட்டு!”

நான் கூடையை வரப்பில் இறக்கினேன். துண்டு கைக்கு வந்துவிட்டது. ஆனால் சுழலவில்லை.

“இருய்யா. எண்ணிட்டு ஓட்டறேன்.”

“உப்பு போவுதுடி!”

“எங்கயும் போவாது. பேசாத, கணக்கு தப்பிடும்.”

அவர் பலகையை ஊன்றிக்கொண்டு நின்றார். முனகினார். கொஞ்ச நேரம் கழித்து, “எவ்ளோ?” என்றார்.

“இருவத்தி மூணு.”

அவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

“சரியா எண்ணுடி. வரப்புக்கு அந்தாண்ட ஒண்ணு நிக்குது.”