வண்டியில் வைத்த கேன்

இன்று காலை திருப்பதியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் என் டர்போ டீசல் காருக்கு ஆயில் கேட்ச் கேன் வைத்தேன். இன்ஜினிலிருந்து ஆவியோடு வரும் ஆயில் டர்போவுக்குள் போய்ப் படியாமல், வழியிலேயே பிடித்து வைக்கும் சின்ன டப்பா, அவ்வளவுதான்.

மெக்கானிக் அதை முடுக்கிக்கொண்டிருந்தபோது சித்தூர் வீட்டிலிருந்து நைனா, அதாவது அப்பா, போன் செய்தார்.

"எப்ப வருவே? சாயங்காலம் நம்ம வூட்ல ஜெபக்கூட்டம்."

"வண்டியில கேன் வெச்சிக்கினு இருக்காங்க நைனா. முடிஞ்சதும் வந்துர்றேன்."

"சரே, பத்திரமா எத்துக்கினு வா."

'எடுத்துக்கொண்டு' என்ற அந்த 'எத்துக்கினு' எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் வாசலில் காலி வாட்டர் கேன். உள்ளே சபையார் பாய் விரித்து உட்கார்ந்தாயிற்று. தண்ணீர் கேன் போட வந்தவரை, "எங்க பையன் திருப்பதிலேர்ந்து கொண்டாறான்" என்று நைனா திருப்பி அனுப்பிவிட்டாராம்.

பானட்டைத் திறந்து காட்டினேன். அரை லிட்டர்கூடப் பிடிக்காத அந்தக் கேனை நைனா குனிந்து பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லியே?"

"காலியா இருந்தா நல்லது நைனா. இன்ஜின் நல்லா கீதுன்னு அர்த்தம்."

நைனா வாசலில் இருந்த கேனைக் காட்டினார்.

"அப்ப நம்ம வூடும் நல்லா கீது."

எதிர்வீட்டு அக்கா ஒரு கேன் கொடுத்ததால் கூட்டம் தண்ணீரோடு நடந்தது.

அடுத்த வாரம் காருக்கு இன்டர்கூலர் மாற்ற வேண்டும். பெயரிலேயே 'கூலர்' இருக்கிறது, வெயில் காலம் வேறு. இதை நைனாவிடம் எப்படிச் சொல்வது, யாராவது யோசனை சொல்லுங்கள்.