கூட்ரோட்டு வீட்டுக்காரர்

எழுபதுகளின் கடைசியில் சேலத்தில் நகரமைப்பு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். புதுச்சத்திரம் பக்கம் கூட்ரோட்டில் பெட்ரோல் பங்க் வைக்க மனுப் போட்டிருந்த விவசாயி ஒருவரின் இடத்தைப் பார்க்கப் போனேன். ஒடிசலான மனிதர், பெரிய வீட்டில் தனியாக இருந்தார். போகிற லாரிகளுக்கெல்லாம் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே பேசினார்.

"பெரிய ரோடுங்க சேர்ற எடத்த ஒட்டி பங்க் வெக்கக் கூடாதுங்க. உங்க நெலத்தோட கெழக்குக் கோடியில வெச்சா விதி எடங்கொடுக்கும்," என்றேன். அவருக்குச் சாதகமாக ஒரு வழி கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

அவர் கிழக்கே பார்த்தார். "அங்க போட்டா ஊட்ல இருந்து ஆளு தெரியாதுங்களே."

"யாவாரம் நல்லா நடக்குமுங்க."

"யாவாரத்துக்குக் கேக்கலீங்க. நாலு பேரு வந்து நிப்பாங்க, பேச்சுத்தொணைக்கு ஆவும்னு நெனச்சனுங்க."

மனு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பஸ் ஏற்றிவிட ரோடு வரைக்கும் கூடவே வந்தார்.

"மனுவ இன்னொருக்காப் போட்டா, எடம் பாக்க நீங்களே வருவீங்களா?"

வேடிக்கையாகக் கேட்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பஸ் வந்து நின்ற பிறகும், பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.