பாக்கெட் உப்பும் என் நாக்கும்

ஒரத்தநாட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் கல்யாணம் என்றால் முதலில் ஜோசியரைப் பார்ப்பார்கள், அடுத்து என்னைப் பார்ப்பார்கள். நல்ல நாள் இரண்டு மூன்று குறித்துக்கொண்டு வந்து, "மாஸ்டர், இதுல உங்களுக்கு எது தோதுப்படும்?" என்று கேட்டுவிட்டு, அதற்கப்புறம் மண்டபம் பிடித்தவர்கள் உண்டு. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்லமாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்னொருவர் சமையலில் அண்டா கழுவ வந்தேன். இன்று சொந்தப் பாத்திரம், சொந்த வண்டி, பட்டுக்கோட்டை ரோட்டில் மாடி வீடு. எவரும் கை கொடுத்துத் தூக்கிவிட்டதில்லை. என் நாக்கு ஒன்றுதான் முதல்.

நாக்கு என்றால் சும்மா இல்லை. ஊருக்கே கொதிக்கிற சாம்பாரில் ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு நக்கினால் போதும். புளி பழசா புதுசா, பருப்பு என்ன பதத்தில் இறங்கியது, உப்பு இன்னும் கால் பிடி வேண்டுமா என்று சொல்லிவிடுவேன். உப்பை நான் அளந்து போட்டதே கிடையாது. கை அள்ளும், நாக்கு தீர்ப்புச் சொல்லும். அந்த நாக்கே ஒரு நாள் என்னை ஏமாற்றிவிட்டது. ஏமாற்றியதும் பிறகு திரும்பி வந்ததும்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

சமையல்காரன் தான் சமைத்ததைச் சாப்பிடமாட்டான். இது வெளியில் பலருக்குத் தெரியாது. விடியலிலிருந்து புகையையும் தாளிப்பு வாசத்தையும் குடித்தே வயிறு நிறைந்துவிடும். இலை போட்டு உட்கார்ந்தால் சோறு இறங்காது. பந்தி முடிந்து, பாத்திரம் ஏற்றி, வண்டி கிளம்பிய பிறகுதான் பசி என்று ஒன்று வரும். அந்த நேரத்தில் கைக்கு என்ன கிடைக்கும்? ரோட்டோரப் பரோட்டா, சாயம் போட்ட சில்லி சிக்கன், கலர் பாட்டில், மசாலா தூவிய சிப்ஸ். வண்டியில் என் மடியில் எப்போதும் ஒரு சிப்ஸ் பாக்கெட் பிரிந்து கிடக்கும். வண்டி ஓட்டுகிற என் மைத்துனர் மடியில் இன்னொன்று. அவர் என் மனைவியின் தம்பி, என்னைவிடச் சற்று இளையவர், தொழில் தொடங்கிய நாளிலிருந்து என் வலது கை. ஊருக்கெல்லாம் கூட்டும் கீரையும் ஆக்கிப் போட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் பாக்கெட்டில் பிழைத்தோம்.

வீட்டுக்கு வந்தாலும் மனைவி வைக்கிற குழம்பு எனக்குச் சப்பென்று இருக்கும். ஊறுகாய் இல்லாமல் கை வைக்கமாட்டேன்.

"ஊரே உங்க சமையலப் புகழுது, நீங்க மட்டும் என் சமையலக் கொறை சொல்லுங்க" என்பாள்.

பேராவூரணிப் பக்கம் ஒரு வீடு குடிபோகிற விசேஷம். பந்தி பிரமாதமாக நடந்தது என்றுதான் நினைத்தேன். கை கழுவுகிற இடத்தில் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மாஸ்டர், தண்ணி கேன் பத்தல. கடைக்கு ஆள் விட்டேன்."

"வெயில் அப்படிங்க."

"ஆமாமா, வெயில்தான்" என்று சொல்லி ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பு வண்டி ஏறி என்னோடு வீடு வரைக்கும் வந்தது. எங்கள் பக்கத்தில் சாப்பாட்டை நேருக்கு நேர் குறை சொல்லமாட்டார்கள். தண்ணீரும் மோரும் எவ்வளவு போனது என்பதை வைத்து நாங்களேதான் புரிந்துகொள்ள வேண்டும்.

மீந்த சாம்பாரைத் தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தேன். மனைவி ஒரு வாய் பிசைந்து வைத்தவள் தட்டை நகர்த்திவிட்டாள்.

"என்னங்க இது, இப்புடிக் கரிக்குது?"

நான் ஊற்றிக் குடித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. மைத்துனரைக் கூப்பிட்டேன்.

"மாப்ள, நான் போட்டதுக்கு மேல நீ உப்புப் போட்டியா?"

"நான் ஏன் மச்சான் போடப் போறேன்? உங்க அண்டாவுல கை வச்சா கையையே எடுத்துருவீங்களே" என்றவர், தானும் ருசி பார்த்தார். "சரியாத்தான் இருக்கு. அக்காவுக்குத்தான் வாய் சரியில்ல போல."

"எனக்கா வாய் சரியில்ல? ரெண்டு பேரும் நல்லாச் சேந்தீங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

இரண்டு பேருக்குச் சரி, ஒருத்திக்குக் கரிப்பு. ஓட்டுப் போட்டால் நாங்கள்தான் ஜெயிப்போம். ஆனால் அடுத்த விசேஷத்திலும் மோர் பாதிப் பந்தியிலேயே தீர்ந்தது. அதற்கடுத்த வீட்டில் ஒரு பெரியவர் சாம்பார் சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

அந்த ஐப்பசியில் காலும் வீங்க ஆரம்பித்தது. செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகவே நிற்கும். பிடரியில் ஒரு கனம். மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று, எதையோ மறந்துவிட்டவன் மாதிரி பாவனை செய்துகொண்டு மூச்சு வாங்குவேன். கார்த்திகைக் கடைசியில் மனைவி அதற்கு மேல் பொறுக்காமல் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார், முகம் மாறியது, மறுபடியும் பார்த்தார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். நான் கொஞ்சம் சொன்னேன், விட்டதை மனைவி சொன்னாள்.

"ஊருக்கெல்லாம் உப்பு பாத்துப் போடுறீங்க. உங்களுக்கு யாருங்கய்யா பாத்துப் போடுறது?" என்றார் டாக்டரம்மா. மாத்திரை எழுதினார். பாக்கெட், பரோட்டா, ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்.

"உப்பக் கொறச்சா என் நாக்கு செத்துப் போயிருமே, அம்மா. அதுதான் என் தொழில்."

"இப்பதான் அது மரத்துப் போய்க் கெடக்கு. பாக்கெட்டுல இருக்கிற உப்புக்குப் பழகின நாக்குக்கு, மத்ததெல்லாம் சப்புன்னுதான் தெரியும். கொஞ்ச வாரம் விட்டுப் பாருங்க, தெளிஞ்சிரும்."

தண்ணீர் கேன் ஏன் பத்தவில்லை என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் எனக்கு விளங்கியது. கால் வீக்கம்கூடப் பெரிதாகப் படவில்லை. தை மாதம் பட்டுக்கோட்டையில் ஒரு கல்யாணம் ஒத்துக்கொண்டிருந்தேன். பெண்ணின் அப்பா தேங்காய் மண்டி வைத்திருக்கிறவர். பேராவூரணியிலிருந்து கடற்கரை ஊர்கள் வரை அவருக்கு வியாபாரம், அத்தனை பேரும் பந்திக்கு வருவார்கள். அந்தப் பந்தியில் சாம்பார் கரித்தால் என் பெயர் அன்றோடு முடிந்தது. அவரிடம் போய் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் நடுவில் மார்கழி இருந்தது. மார்கழியில் கல்யாணம் கிடையாது, அடுப்புக்கு ஓய்வு. தை பிறப்பதற்குள் நாக்கு திரும்பினால் சமைப்பது, இல்லாவிட்டால் பொங்கலன்று போய்க் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மனைவிக்கும் மைத்துனருக்கும் மட்டும்தான் இது தெரியும்.

முதல் வாரம் என்ன சாப்பிட்டாலும் வைக்கோலை மென்ற மாதிரி இருந்தது. நானும் ஒரு தந்திரம் செய்தேன். டாக்டரம்மா நிறுத்தச் சொன்னது கடைச் சரக்கைத்தானே, வீட்டில் போட்ட வத்தலுக்கும் மோர்மிளகாய்க்கும் என்ன கெடுதல் என்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டேன். மனைவி டப்பாவை வாங்கி மூடினாள்.

"மோர்மிளகாயில சக்கரையா போட்டு ஊற வச்சேன்? உப்புதான போட்டேன்?" என்றாள்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் சமையலறை அவள் ராஜ்யம். காலையில் பழையசோறும் சின்ன வெங்காயமும், உப்பு இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டிய அளவுக்கு. பதினோரு மணிக்கு ஒரு கொய்யா. மதியம் கொஞ்சம் சோறு, நிறையக் கீரை, அவரைக்காய். சாயங்காலம் அவித்த கடலை. பரோட்டா தின்கிற நேரத்தில் எங்கள் ஊர்ப் புது ஆற்றுக் கால்வாய்க் கரையில் நடந்தேன். வழியில் தெரிந்தவர்கள், "என்ன மாஸ்டர், வாக்கிங்கா, வண்டி ரிப்பேரா?" என்று கேட்பார்கள். "ஆளு ரிப்பேரு" என்று சொல்லிவிட்டுப் போவேன்.

மைத்துனர் மட்டும் மாறவில்லை. வண்டியில் ஏறினால் எனக்குத் தெரியாமல் எதையாவது மென்றுகொண்டிருப்பார்.

"மாப்ள, வாயில என்ன?"

"பாக்கு, மச்சான்."

"பாக்குக்கு எப்ப மசாலா போட ஆரம்பிச்சாங்க?"

"நீங்க வெரதம் இருக்கீங்கன்னு நானும் இருக்கணுமா? எனக்குக் காலா வீங்குது?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் விட்டுவிட்டேன்.

மார்கழி பாதி இருக்கும். மதியம் தட்டில் சோறு போட்டுவிட்டுக் குழம்பெடுக்க உள்ளே போனாள் மனைவி. பசியில் ஒரு கவளம் வெறுஞ்சோற்றை வாயில் போட்டேன். இனித்தது. சர்க்கரை இனிப்பு இல்லை, மெல்ல மெல்ல ஊறி வருகிற இனிப்பு. நெல் விளைகிற ஊரில் பிறந்து, வாழ்நாளெல்லாம் சோறு வடித்தவன், சோற்றுக்கு ருசி உண்டு என்பதையே மறந்து போயிருக்கிறேன். குழம்பு வருவதற்குள் பாதிச் சோறு காலி.

"குழம்பு ஊத்துறதுக்குள்ள என்னங்க அவசரம்?"

"நீ வச்ச சோறு நல்லாருக்கு" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தாள்.

மறுநாள் நானாகவே மைத்துனரிடம் ஒரு சிப்ஸ் வாங்கி வாயில் வைத்தேன். பழைய எண்ணெய் வாடையும் உப்புந்தான் நாக்கைக் கிள்ளியது, அடியில் கிழங்கின் ருசியே இல்லை. துப்பிவிட்டேன். இதையா இத்தனை வருஷம் தின்றோம் என்று இருந்தது. பொங்கலன்று மண்டிக்காரர் வீட்டுக்குப் போனேன், கும்பிட்டு விலகிக்கொள்ள அல்ல, கறிகாய்க் கணக்குக் கொடுக்க.

ஆனால் விஷயம் அதோடு தீரவில்லை. தை பிறந்ததும் பக்கத்து ஊரில் ஒரு சின்னக் காதுகுத்து. சாம்பாரை நக்கிப் பார்த்து, போதும் என்று கையை எடுத்துவிட்டேன். மைத்துனர் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"மச்சான், சப்புன்னு கெடக்கு. ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி."

"உன் நாக்கு பாக்கெட் நாக்கு. அப்படித்தான் சொல்லும்."

"சாப்பிட வர்றவன்லாம் யாரு? அவனும் பாக்கெட் திங்கிறவன்தான?"

என் நாக்கு தெளிந்துவிட்டது, சரி. ஊர் நாக்கு தெளியவில்லையே. அந்த வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சின்ன விசேஷம், சொந்தக்காரர்கள். மண்டிக்காரர் வீட்டில் அப்படி விடமாட்டார்கள்.

கல்யாணத்தன்று என் நாக்குப்படியே சமைத்தேன். எனக்கு ஒரே ஒரு தைரியம். நம் இலையில் முதலில் வைப்பது உப்பு. குறைந்தால் அதைத் தொட்டுச் சரிபண்ணிக்கொள்ளலாம், கூடினால் எந்தக் கொம்பனாலும் எடுக்க முடியாது. அதே உப்புதான் பயமும். பரிமாறிய உப்பை ஆட்கள் தொட்டுக் கலந்தால் சமையல்காரனுக்கு அதைவிடக் கேவலம் இல்லை. முதல் பந்தி உட்கார்ந்ததும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, விசாரிக்கிறவன் மாதிரி வரிசை வரிசையாக நடந்தேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை. இலை ஓரத்தையே பார்த்துக்கொண்டு போனேன்.

சாம்பாருக்கு யாரும் தொடவில்லை. கூட்டுக்குத் தொடவில்லை. நெஞ்சு நிமிர்ந்தது. ரசம் வந்தது. ஒருவர் விரல் நுனியால் உப்பைக் கிள்ளிக் கலந்தார். அடுத்த வரிசையில் இன்னொருவர். அதற்குப் பிறகு பார்த்த இடமெல்லாம் உப்பை நோக்கி விரல் போனது.

நேராக அடுப்படிக்கு வந்தேன். இரண்டாம் பந்திக்கு ரசம் நுரைகட்டி நின்றது. பக்கத்தில் மைத்துனர். அவரைக் கூப்பிட எனக்கு மனசில்லை, இருந்தாலும் கூப்பிட்டேன்.

"மாப்ள, இதுக்கு உன் நாக்கு என்ன சொல்லுது?"

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. புறங்கையில் விட்டுப் பார்த்து, ஒரு பிடி கல்லுப்பை அள்ளினார்.

"பாதி போடு."

"பத்தாது, மச்சான்."

"பாதி போட்டுக் கலக்கு. எனக்குக் கூடவும் உனக்குக் கொறையவும் இருந்தா அதுதான் சரி."

அவர் பாதியைப் போட்டார். கலக்கினோம். நான் பார்த்து, கொஞ்சம் தூக்கல் என்றேன். அவர் பார்த்து, கொஞ்சம் மட்டம் என்றார். மல்லித்தழையைத் தூவி இறக்கினோம். அன்று பிடித்த வழக்கம், இன்றும் எங்கள் அண்டாவில் இரண்டு நாக்கும் பேசாமல் எதுவும் இறங்குவதில்லை. இப்போது அவருடைய நாக்கும் மெல்ல என் பக்கம் சாய்கிறது. அதை அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். எனக்கு அழுத்தம் இறங்கியதில் டாக்டரம்மா ஒரு மாத்திரையைக் குறைத்துவிட்டார். படியில் நின்று பாவனை செய்வதில்லை.

அன்று இரண்டாம் பந்தியில் ஒரு விரலும் உப்பைத் தொடவில்லை. டம்ளரை நீட்டி ரசம் கேட்டார்கள், கையை ஏந்திக் கேட்டார்கள். மண்டிக்காரர் விருந்தாளிகளை எல்லாம் வழியனுப்பிவிட்டுக் கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்தார். சாம்பாரைச் சத்தமில்லாமல் சாப்பிட்டு முடித்து, சோற்றில் குழி பறித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ரசம் கொண்டாங்க மாஸ்டர். எல்லாரும் அதப் பத்தித்தான் பேசிட்டுப் போறாங்க."

நான் மைத்துனரைப் பார்த்தேன். அவர் கரண்டியைக் கவிழ்த்துக் காட்டினார்.

"தீந்து போச்சுங்க" என்றேன்.

"பொண்ணப் பெத்தவனுக்கு ரசம் இல்லியா?"

"மோர் இருக்கு. ஊத்தட்டுங்களா?"

"ஊத்துங்க, வேற என்ன செய்யுறது?" என்று இலையில் உட்கார்ந்தபடியே சிரித்துவிட்டார். "சின்னவ கல்யாணத்துக்காவது எனக்கு ஒரு டம்ளர் எடுத்து வையுங்க."

அடுப்பில் ஆக்கிய பதார்த்தம் ஒன்று என் பந்தியில் பத்தாமல் போனது அதுதான் முதல் தடவை. வேறு ஒரு நாளாக இருந்தால் வெட்கத்தில் பின்வாசல் வழியாகப் போயிருப்பேன். அன்றைக்கு, மோரை ஊற்றச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய், அந்தக் காலி அண்டாவை இன்னொரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.