கறண்டு தின்னாத மெஷின்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரமாவது காலை நீட்டிப் படுக்க வேண்டும். தொண்ணூறுகளில் எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். தனுவச்சபுரத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டை வறளப் பாடம் எடுத்துவிட்டு, பஸ்ஸில் நசுங்கி வீட்டுக்கு வந்தால் மூலையில் அழுக்குத்துணி குவிந்து கிடக்கும். வீட்டுக்காரருடையது, இரண்டு பிள்ளைகளுடையது, என்னுடையது என்று வாரத் துணி மொத்தமும் ஞாயிற்றுக்கிழமை என் தலையில்தான்.

அழுது அடம்பிடித்து ஒரு வழியாக வாஷிங் மெஷினுக்குச் சம்மதம் வாங்கினேன். ஆனால் கறண்டு குறைவாக இழுக்கிறதாக இருக்க வேண்டும் என்றார் அவர். மிக்சி ஓடினாலே வாசலுக்குப் போய், மீட்டருக்குள் சுற்றுகிற சக்கரத்தை நின்று பார்க்கிற மனுஷன். வேறெப்படிச் சொல்வார்!

நெய்யாற்றின்கரை கடையில், பொத்தானை அமுக்கினால் எல்லாம் தானே செய்கிற மெஷின் ஒன்று இருந்தது. எனக்குக் கண்ணெல்லாம் அதன்மேல். அது கறண்டு கொஞ்சம் கூடுதலாக இழுக்கும் என்று கடைக்காரர் சொன்னதும் இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைக்காரர் இரண்டு தொட்டி வைத்த இன்னொன்றைத் தட்டிக் காட்டினார்.

"இது கறண்டே தின்னாது சாரே. வெள்ளம் மட்டும் கோரி விட்டாப் போதும்."

"வெள்ளத்துக்கு நமக்கு என்ன கொறவு? கெணறு உண்டே" என்றார் இவர்.

நானும் தலையாட்டினேன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கிணறு. தண்ணீரை ஒரு செலவாக யாரும் நினைப்பதில்லை. அதைக் கிணற்றிலிருந்து இறைத்துக் கோருகிற கையை நான்கூட அன்று நினைக்கவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை கிணற்று மோட்டாரைப் போடப் போனேன். பின்னாலேயே ஓடி வந்தார்.

"மோட்டாரு எதுக்கு? மெஷின் மிச்சம் பிடிச்சத எல்லாம் அது தின்னுட்டுப் போவும். நாலு வாளி கோரினாப் போராதா?"

நாலு வாளியா! சோப்புத் தண்ணீருக்கு ஒருமுறை தொட்டியை நிரப்ப வேண்டும். அதைத் திறந்துவிட்டு அலசுவதற்கு மறுபடி, அழுக்கு போகாவிட்டால் இன்னொரு முறை. அடுத்த ஈடு துணிக்குத் திரும்பவும் முதலிலிருந்து. கல்லில் அடித்துத் துவைத்த காலத்தில்கூட நான் இவ்வளவு தண்ணீர் இறைத்ததில்லை. மெஷின் தன் பாட்டுக்குக் குலுங்கிக்கொண்டிருக்கும், நான் கப்பியில் கயிறு இழுத்துக்கொண்டிருப்பேன். படுக்கையாவது, மத்தியானமாவது!

"தோளு கழண்டு போவுது" என்று எத்தனையோ தடவை சொன்னேன். "எல்லா வீட்டுலயும் கோரத்தானே செய்யிது" என்பார். வருகிறவர்களை மீட்டர் பக்கம் கூட்டிப் போய், "பாத்தீளா, சக்கரம் அனங்கவே இல்ல" என்று அது அசையாமல் நிற்பதைக் காட்டிப் பெருமையடிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சண்டை போடவும் தெம்பு வேண்டுமே.

இப்படியே வருஷங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்தபோது வலது கையைத் தூக்க முடியவில்லை. தோள் கல்லாக இறுகியிருந்தது.

"நீ போய்க் கெட. நான் கோருதேன். இதென்ன பெரிய காரியமா?" என்றார்.

உள்ளே கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் தொட்டி நிரம்பும்வரை சீட்டி அடித்தார். அலசுகிற தண்ணீருக்குப் போனபோது சீட்டி நின்றுவிட்டது. கப்பிச் சத்தமும் விட்டுவிட்டுத்தான் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மோட்டார் ஓடுகிற சத்தம் வந்தது.

உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தார். மீட்டரைப் பார்க்கப் போகவில்லை.

"எட்டி, இது மனுசனுக்கு ஆவுற வேலை இல்லையாக்கும். இனி மோட்டாரே போட்டுக்க."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கேட்டது கிடைத்துவிட்டது, காலை நீட்டிப் படுத்தும் இருந்தேன். ஆனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மனுசனுக்கு ஆகாத வேலையாம். அப்படியானால் இத்தனை வருஷம் இந்த வீட்டில் தண்ணீர் கோரியது யார் என்று அவரிடம் கேட்க வேண்டும்போல இருந்தது. வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.