கேட்டால் பதில் சொல்லும் பெட்டி

மதுரையிலிருந்து போடிக்கு வரும் ரயிலில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். மேலே வைத்துவிட்டுச் சாய்ந்து உட்காரும்படி எதிரில் இருந்த அம்மாள் இரண்டு தடவை சொன்னார். நான் கேட்கவில்லை.

"உள்ள என்னம்மா, டேப்ரிக்கார்டரா?"

"ஏரோப்ளேன்ல மாட்டுற சாமான்மா."

அதன் பிறகு உசிலம்பட்டி வரை அவர் என்னோடு பேசவில்லை. பொய் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். ஆண்டிபட்டி தாண்டியதும் மனசு கேட்காமல் ஒரு முறுக்கை நீட்டினார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அம்மா சிலமலையில் காட்டு வேலைக்குப் போனாள். அப்பா போடியில் ட்ரிப் ஜீப் ஓட்டினார். விடிந்ததும் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைச்சரிவில் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்குப் போவார். சாயங்காலம் மறுபடி போய் இறக்கிக்கொண்டு வருவார். நான் போடியில் படித்து, பிறகு மதுரையில் பாலிடெக்னிக் முடித்து, சின்ன விமானங்களின் ரேடியோ சாமான்களைப் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் பயிற்சியில் சேர்ந்திருந்தேன். பட்டறையில் நான் ஒருத்திதான் பெண். ஒன்றரை வருடமாக பெஞ்சில் உட்கார்ந்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் மலைகளைப் படம் எடுப்பதற்காக நான்கு பேர் உட்காரும் விமானம் ஒன்று போடிக்கு வெளியே வந்து தங்கியிருந்தது. வேலை முடிந்ததும் அது சென்னைக்குப் போக வேண்டும். அங்கே பெரிய விமானங்களுக்கு நடுவில் இறங்க வேண்டியிருப்பதால் டிரான்ஸ்பாண்டர் என்ற பெட்டியை அதில் பொருத்திவிடலாம் என்று அதன் உரிமையாளர்கள் முடிவு செய்தார்கள். வேலை எங்கள் பட்டறைக்கு வந்தது.

"உன் ஊர்தானே, நீயே போ" என்றார் சூப்பர்வைசர். "பூஜை லீவு முடிஞ்சதும் நான் வந்து சோதனை பண்றேன். தேறிட்டா விமானத்தோட பதிவுப் புத்தகத்துல பொருத்தினவர்னு உன் பேரை எழுதுவேன். தேறலேன்னா திரும்பி வந்து பெஞ்சுல உக்காரு."

அந்தப் புத்தகத்தில் என் பெயர் ஏற வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் எனக்கு அப்போது வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் அப்பா காலை ட்ரிப்பை முடித்துவிட்டு வந்து என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். பெட்டி மறுபடியும் என் மடியில்.

"இது என்ன சோலி பாக்கும் தாயி?"

"கீழ ரேடார்னு ஒண்ணு இருக்கும்ப்பா. அது ஆகாசத்தப் பாத்து, யாரு நீ, எம்புட்டு உயரத்துல இருக்கேன்னு கேக்கும். இந்தப் பெட்டி பதில் சொல்லும்."

அப்பா ஜீப்பை ஒரு வளைவில் திருப்பினார். "மலை மேட்டு ரோட்டுல மேகம் எறங்குனா நான் வளைவுல ஆரன் அடிப்பேன். மேலயிருந்து வர்றவன் திருப்பி அடிப்பான். சத்தத்த வச்சே யாரு வண்டி, எத்தனாவது வளைவுன்னு தெரிஞ்சுபோகும். அது மாதிரியா?"

"அதேதான்."

"கேட்டாத்தான் சொல்லுமா, தானாச் சொல்லுமா?"

"கேட்டாத்தான்."

"நல்ல பிள்ள" என்று பெட்டியை ஒரு தட்டுத் தட்டினார்.

ஓடுதளம் என்பது மேடு பள்ளம் நிரவிய ஒரு புஞ்சைதான். ஓரத்தில் தகரக் கொட்டகை, கம்பத்தில் காற்றுப் பை, எல்லையில் யாரோ மேயவிட்ட வெள்ளாடுகள். பைலட் சென்னைக்காரர். நான் இறங்கியதும் எனக்குப் பின்னால் பார்த்தார்.

"டெக்னீஷியன் வரலையா?"

"நான்தான் சார்."

"ஓ" என்றார். அந்த ஒற்றை எழுத்து முகத்தில் சுள்ளென்று பட்டது. அடுத்து, என் பையையும் தூக்குவாளியையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்ற அப்பாவைக் காட்டிக் கேட்டார். "இவர் யாரு?"

அப்பா துணைக்கு வந்திருக்கிறார் என்று சொன்னால் இன்னும் ஒரு 'ஓ' வரும் என்று தோன்றியது.

"ஜீப்பு ஓட்டிட்டு வந்திருக்கார்" என்றேன்.

அது பொய் இல்லை. அப்பா பையைக் கொட்டகை வாசலில் வைத்தார். தூக்குவாளியை நிழல் பார்த்து வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "எத்தன மணிக்கு வரணும் மேடம்?" என்றார்.

அவர் முகத்தில் கோபம் இல்லை. ஒரு வேலையை நான் எடுத்துக் கொடுத்தது போலவும், அதை அவர் ஒழுங்காகச் செய்வது போலவும்தான் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போதும் அதைப் பற்றி அவர் பேசவில்லை. நான் பேச நினைத்தேன். பேசவில்லை.

வேலை எனக்குப் பிடிபட்டது. விமானி முன்னால் இருக்கும் பலகையில் பெட்டிக்கு இடம் அறுத்தேன். விமானத்தின் வயிற்றுப் பக்கத்தில் ஆன்டெனாவுக்காகத் துளை போடுமுன் மூன்று தடவை அளந்தேன். தகரமும் தகரமும் ஒட்ட வேண்டும் என்பதால் துளையைச் சுற்றிப் பளபளவென்றிருந்த புதுப் பெயின்டைச் சுரண்டினேன். அப்போது பைலட் முகம் சுருங்கியதைப் பார்த்தது உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. கடைசி வேலைதான் நுணுக்கம். விமானத்தின் இடது பக்கத்தில், குண்டூசித் தலையளவில் ஒரு துளை இருக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் அதன் வழியாக ஒரு ரப்பர் குழாயில் ஏறி உயரமானிக்குப் போகும். மேலே போகப் போக அழுத்தம் குறையும். அதை வைத்து முள் உயரத்தைக் காட்டும். அந்தக் குழாயை நடுவில் வெட்டி, ஒரு கிளை வைத்து, என் பெட்டிக்கும் அதே காற்றைக் கொண்டுபோக வேண்டும். அப்போதுதான் அது தன் உயரத்தைச் சொல்லும்.

ஆயுத பூஜை அன்று தோட்டங்களுக்கு விடுமுறை. அப்பா ஜீப்புக்குப் பூஜை முடித்துவிட்டு, சந்தனக் கிண்ணமும் குங்குமமும் பொரியுமாகவே ஓடுதளத்துக்கு வந்துவிட்டார். நான் விமானத்துக்குள் மல்லாந்து கிடந்தேன். தலை பலகைக்கு அடியில், கால் கதவுக்கு வெளியே. பைலட் சொன்னது காதில் விழுந்தது.

"எங்க வண்டிக்கும் ரெண்டு பொட்டு வெச்சு விடுப்பா."

"அதுக்கென்ன சார், தாராளமா வைப்போம்."

விமானத்தைத் துடைத்தாலும் கழுவினாலும் எதைப் பூசினாலும் முதலில் அந்தச் சின்னத் துளையின் மேல் டேப் ஒட்ட வேண்டும். பட்டறையில் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் விதி அது. டேப் சுருள் என் பைக்குள் இருந்தது. கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான்.

என்னவென்று கூப்பிடுவது? பைலட் பக்கத்தில் நிற்கும்போது "அப்பா" என்று கூப்பிட முடியாது. "டிரைவர்" என்று கூப்பிட எனக்கு நாக்கு வரவில்லை. விமானத்தின் மூக்கில் மூன்று பொட்டு வைத்துவிட்டுப் போய்விடுவார், எதற்குக் கூப்பிட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திருகாணியை முடுக்கினேன்.

மூன்று பொட்டோடு நிற்கிற ஆளா அவர்! ஜீப்பில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் பொட்டு வைக்கிறவர். நான் வெளியே வந்தபோது விமானம் வளைகாப்புக்கு உட்கார வைத்த பெண் மாதிரி இருந்தது. விசிறியில், சக்கரங்களில், கதவில், வாலில், வரிசை தப்பாமல் பொட்டு. குனிந்து பார்த்தேன். நான் மாட்டிய ஆன்டெனாவிலும் ஒன்று, கடுகளவு. அதற்காக அவர் தரையில் படுத்திருக்க வேண்டும். வேட்டியிலும் முதுகிலும் புழுதி.

மறுநாள் பைலட் பொட்டுகளைத் துடைக்கச் சொன்னார். அப்பாவே ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார். விமானம் மறுபடி வெள்ளையானது.

அதற்கும் அடுத்த நாள் சூப்பர்வைசர் சோதனைக் கருவியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். அப்பா ஜீப்பைக் கொட்டகை நிழலில் போட்டுவிட்டுத் தள்ளி நின்றார். சூப்பர்வைசர் கருவியை முடுக்கிக் கேள்வியை அனுப்பினார். நான் வைத்திருந்த நான்கு இலக்க எண் அப்படியே திரையில் வந்தது. யார் நீ என்ற கேள்விக்கு என் பெட்டி சொன்ன முதல் பதில் அது.

"சரி, இப்ப உயரம்" என்றார். இடது பக்கத் துளையின் மேல் ஒரு ரப்பர் கிண்ணத்தை அமுக்கி வைத்து, கைப்பம்பால் மெல்லக் காற்றை உறிஞ்சினார். விமானம் மேலே ஏறுவதாக நினைத்து உயரமானியின் முள் நகர வேண்டும். நகரவில்லை. திரையிலும் உயரம் மாறவில்லை. மறுபடி உறிஞ்சினார். அசையவில்லை.

"குழாய வெட்டி ஒட்டினது நீதானே? எங்கேயோ நசுக்கி வெச்சிருக்கே."

நான் பலகைக்கு அடியில் போனேன். கிளையைக் கழற்றிப் பார்த்தேன், சரியாக இருந்தது. மாட்டினேன். மறுபடி முள் அசையவில்லை. திரும்பக் கழற்றினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. வியர்வை கண்ணில் இறங்கியது. பைலட் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. பெஞ்சும் ஈயப் புகையும் கண் முன்னால் வந்தன.

கடைசியில், துளைக்குப் போகும் குழாயை மட்டும் தனியாகக் கழற்றி வாயில் வைத்து ஊதினேன். காற்று போகவில்லை. அப்படியானால் அடைப்பு என் கிளையில் இல்லை, துளையில்தான். வெளியே வந்து மண்டியிட்டு முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன். துளைக்குள் ஏதோ காய்ந்து வெளிறி, பெயின்ட் போலத்தான் தெரிந்தது. ஆனால் வாசம் வந்தது.

சந்தனம்.

சூப்பர்வைசரும் குனிந்து முகர்ந்தார். "யார் பண்ணினது?"

அப்பா முன்னால் வந்தார். "நான்தான் சார். அதுல இருந்த ஆணி கழண்டு விழுந்துபோச்சுன்னு நெனச்சேன். ஓட்டையா விடக்கூடாதேன்னு நல்லா நெறப்பி ஒரு பொட்டு வச்சேன்."

"டிரைவருக்கு விமானத்துல என்னய்யா வேலை? இத கவனிக்காம மேல போயிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா? முள்ளு நின்ன எடத்துலயே நிக்கும். மலையில போய் மோத வேண்டியதுதான்!"

"தப்புத்தான் சார். மேடத்துக்குத் தெரியாது. அவங்க உள்ள சோலியா இருந்தாங்க. என் கைதான் சும்மா இருக்கல."

தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். அப்பா அப்படி நின்று நான் பார்த்ததில்லை. எஸ்டேட் முதலாளியிடம்கூட நேராக நிற்கிறவர்.

"இவன யாரு உள்ள விட்டது? யாரு இந்த ஆளு?" என்று சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பினார்.

"என் அப்பா சார்."

கம்பத்தில் காற்றுப் பை படபடத்தது.

"அவர் மேல தப்பில்ல. துளைக்கு டேப் ஒட்டாதது நான். பொட்டு வைக்கிறாருன்னு தெரியும். கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். கூப்பிடல."

"ஏன் கூப்பிடல?"

என் கண் பைலட் பக்கம் போனது. அவர் தலையைக் குனிந்துகொண்டு தன் செருப்பைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

உள்ளே எதையும் தள்ளிவிடக் கூடாது என்பதால் வெளியில் வெந்நீர்த் துணி வைத்து ஊறவிட்டோம். நான் உள்ளேயிருந்து குழாயில் ஊதினேன். அப்பா வெளியே துளைக்கு நேராக உள்ளங்கையை ஏந்திக்கொண்டு நின்றார். மூன்றாவது ஊதலில், "வந்துருச்சு தாயி!" என்று கத்தினார். 'மேடம்' என்ற சொல் போய்விட்டிருந்தது. அவர் கையில் எள்ளளவு மஞ்சள்.

குழாயை மாட்டினேன். சூப்பர்வைசர் பம்பை இழுத்தார். முள் சோம்பல் முறிப்பது போல அசைந்து ஏறத் தொடங்கியது. திரையில் உயரமும் கூடவே ஏறியது. ஆயிரம் அடி, இரண்டாயிரம், மூவாயிரம். அப்பா எட்டிப் பார்த்து, "நம்ம மலை மேடு தாண்டிருச்சா?" என்றார். சூப்பர்வைசருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

புத்தகத்தைத் திறந்தார். "அடைச்சிருந்தது என்னன்னு எழுதறது?"

"சந்தனம்னே எழுதுங்க சார்."

எழுதினார். பொருத்தினவர் என்ற இடத்தில் என் பெயரையும் எழுதினார். அதற்குக் கீழேயே, துளையை மூடாமல் விட்டது இவருடைய தவறு என்றும் ஒரு வரி சேர்த்தார். முதலில் அந்த வரி என்னைக் குத்தியது. பிறகு, பெயர் என்னுடையது என்றால் அந்த வரியும் என்னுடையதுதான் என்று தோன்றியது. அந்த விமானம் ஒரு வாரம் கழித்துச் சென்னையை நெருங்கியபோது ரேடார் கேட்டதற்கெல்லாம் பெட்டி ஒழுங்காகப் பதில் சொன்னதாகப் பட்டறைக்குத் தகவல் வந்தது.

சோதனை முடிந்த அன்றே சாயங்காலம் அப்பாவோடு நானும் மலைக்குப் போனேன். மலையடிவாரத்து முந்தல் தாண்டி ஏறும்போது மேகம் இறங்கியிருந்தது. அப்பா ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தார். எங்கோ மேலேயிருந்து பதில் வந்தது.

"அப்பா, அன்னைக்கு நான்..."

"இத்தன நாளா மேடம் மேடம்னு சொல்லி வாய் கோணிப்போச்சு" என்றார். "உங்காத்தா காதுல விழுந்தா, பெத்த மகள எவனாச்சும் மேடம்பானான்னு அடிக்க வருவா."

என்னால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

தோட்டத்து வாசலில் பெண்கள் காத்திருந்தார்கள். நாளெல்லாம் காய் எடுத்த ஈரச் சேலையும் ஏலக்காய் வாசமுமாகப் பின்னால் ஏறி நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி முன் சீட்டை எட்டிப் பார்த்தாள்.

"முன்னாடி யாருண்ணே? ஆபீசரம்மாவக் கூட்டியாந்திருக்கீக?"

அப்பா கியரைப் போட்டார். "என்னையக் கேக்காதத்தா. அதையே கேளு. கேட்டாப் பதில் சொல்லும்."

சொன்னேன். இன்ஜின் சத்தத்தில் பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை போல. யாரு, யாரு என்று மறுபடி கேட்டார்கள். திரும்பி உட்கார்ந்து, இவர் மகள் என்று இன்னும் உரக்கச் சொன்னேன்.