கேசரி ஒட்டிய சக்கரம்

செங்கோட்டை வண்டி சங்கரன்கோவில் ஸ்டேஷனில் நின்றதும் எல்லோரும் சீட்டுக்கு ஓட, பாண்டியராஜ் மட்டும் பிளாட்பார இடுக்கில் தலையைச் சாய்த்துச் சக்கரத்தைப் பார்க்கிறான்.

"சாவியத் தொலைச்சிட்டீரா வே?" பின்னால் வந்தவர் கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி, சக்கரம் எப்படித் தேஞ்சிருக்குன்னு பாக்கேன்."

பனவடலிசத்திரத்தில் அவன் குடும்பத்தின் முதல் பி.ஈ. அவன்தான். ரயில்பெட்டிப் பணிமனையில் சக்கரம் சோதிக்கும் வேலை. பந்தியில் டம்ளரைக் கிடத்தி உருட்டுவான். அது வளைந்து போவதைப் பார்த்துச் சிரிப்பான். பக்கத்து இலைக்காரர் இடம் மாறிவிடுவார்.

பெண் பார்க்கப் போன வீடுகளிலெல்லாம் சக்கரத்தையே பேசி, எல்லாம் தட்டிப்போயின. பொன்மணியின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு இந்த இடம் தவறிவிடக் கூடாது. பெண் வீட்டு வாசலிலேயே அம்மா தங்கத்தாய் எச்சரித்தாள்: "ஏலே, இங்கனயும் சக்கரம்னு வாயத் தொறந்த, இதுவும் போச்சு பாத்துக்க."

கேசரியும் முறுக்கு டப்பாவும் காகிதக் கப்பில் காப்பியும் வந்தன. பெண்ணின் அப்பா வீரபாண்டி சும்மா இருக்கவில்லை. "ரயிலுக்கு ஸ்டியரிங் கெடையாதே, வளைவுல எப்படித் திரும்புது? சக்கரத்து விளிம்பு தண்டவாளத்துல இடிச்சுத் தள்ளுதோ?"

தங்கத்தாய் மகன் தொடையைக் கிள்ளினாள். அவன் ஒரு வாய் காப்பி குடித்தான். இன்னொரு வாயில் கப்பைக் காலி செய்தான். அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"விளிம்பு கடைசிக் காவல்தான் மாமா!"

"மாமாவா? அதுக்குள்ளயா?" என்றார் வீரபாண்டி.

"சக்கரம் உள்பக்கம் பருத்து, வெளிப்பக்கம் சிறுத்திருக்கும். ரெண்டும் ஒரே அச்சு. வளைவுல அச்சு வெளிய ஒதுங்கும், வெளிச்சக்கரம் பருத்த எடத்துல உருளும், மத்தது சிறுத்த எடத்துல. பருத்தது கூடத் தூரம் போவும், வண்டி தன்னால திரும்பிரும். இந்தா, காட்டுதேன்."

மூலையில் கிடந்த விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்குகளை உருவினான்.

"நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல வாரியலத் தொடுதியேலே, மூதி!" தங்கத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள்.

முறுக்கு டப்பாவிலிருந்து கேசரித் தட்டுக்கு ஈர்க்குகள் தண்டவாளமாகச் சரிந்தன. காலிக் கப் இரண்டைக் கேசரியால் ஒட்டினான். பதற்றத்தில் அடியோடு அடி ஒட்டிவிட்டான். பருத்த பக்கம் வெளியே போய்விட்டது. உருட்டியதும் கப்புகள் ஒருபக்கமாக விலகி, சரிந்து, வீரபாண்டியின் காப்பியைத் தட்டிவிட்டன.

"இப்படித்தான் ரயிலும் போவுமோ?" அவர் வேட்டியை உதறினார்.

தங்கத்தாய் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். நாலு வருஷம் படித்த பாண்டியராஜ், உருண்ட கப்புகளைப் பொறுக்கினான்.

பொன்மணி உள்ளே போய்ப் புதுக் கப்புகளும் ஒரு பொட்டு அட்டையும் கொண்டுவந்தாள். கப்புகளை வாயோடு வாய் வைத்து, சுற்றிலும் ஒட்டுப்பொட்டுகளை ஒட்டி, ஈர்க்குகளில் விட்டாள். அவை தள்ளாடின, தாமாகவே நடுவுக்கு வந்தன, உருண்டு தட்டில் இறங்கின.

பொன்மணி, தங்கத்தாயின் தோளிலிருந்து பையை மெல்லக் கழற்றி, நாற்காலியில் வைத்தாள்.